‘கழி’ என்று எழுதியவர் யார்?

“தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினியை இயக்கத் தெரிந்தாற் போதும். அதைக் கட்டத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?”

பதுளையில் நடைபெற்ற கல்விக் கூட்டமொன்றிலே படித்த பெரியவர் ஒருவர் எம்மை நோக்கிக் கேட்ட கேள்வி இது. சபையோர் சிரித்தனர். நாம் அன்று விடை கூறவில்லை. விடை கூற எமக்கு நேரம் தரப்படவில்லை என்பது ஒரு காரணம். அந்தக் கேள்விக்கு என்ன வயதிருக்கும் என்று மனத்துக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது மற்றொரு காரணம்.

கேள்வி மிகப் பழையது. தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு, கைந்நாட்டுக்குப் பதிலாகப் பெயரெழுதத் தெரிந்தாற் போதாதா என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். லயத்துக் கோடியில் ஓரறைப் பள்ளிக்கூடமும் ஒற்றை ஆசிரியருமாக நம் முன்னோர் படித்த காலம் அது. தோட்டங்கள் அரசுடைமையாகி, 1977ஐ அடுத்த ஆண்டுகளிலே தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றபோது, ஐந்தாம் வகுப்புப் போதும் என்றார்கள். பிறகு சாதாரண தரம் போதும் என்றார்கள். விஞ்ஞானப் பிரிவு எதற்கு, கலைப் பிரிவு போதும் என்பதை இன்றுங்கூடக் கேட்கிறோம். காலத்துக்கேற்ப முன்னாலுள்ள சொல் மாறுகிறது. பின்னாலுள்ள ‘போதும்’ மட்டும் மாறுவதேயில்லை. பிறர் பிள்ளைக்கு எது போதும் என்று அளந்து கொடுக்கும் உரிமையை இவர்களுக்குக் கொடுத்தவர் யார்? எமது வழக்கு அந்தப் ‘போதும்’ என்ற சொல்லோடுதான்.

நடந்ததைச் சொல்லிவிடுவோம். பதுளை மாவட்டத்துத் தோட்டப்புறப் பாடசாலையொன்றில், சனிக்கிழமை தோறும், உயர்தர வகுப்பு மாணவர் பதினொருவரும் ஆசிரியர் மூவருமாகச் சேர்ந்து ஒரு கணினியைக் கட்டினோம். கடையில் விற்கும் பாகங்களை வாங்கிப் பெட்டிக்குள் பூட்டிய கதையன்று. அது திருகாணி வேலை. நாம் கட்டியது ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட பாணியில், ஒவ்வொரு கம்பியையும் கையால் நட்டுக் கட்டிய கணினி. பிரெட்போர்ட் என்று வழங்கும் வெள்ளைப் பலகைகளின் மேல் அது இருக்கிறது. பத்திலொரு அங்குல இடைவெளியில் வரிசை வரிசையாகத் துளைகள். துளைகளின் அடியிலே உலோகக் கவ்விகள். கம்பி முனையைச் செருகினாற் கவ்விக்கொள்ளும், இழுத்தால் வந்துவிடும். ஈயம் உருக்கி ஒட்ட வேண்டிய தேவையில்லை. வானொலி புதிதாக வந்த காலத்தில், மேலைநாட்டு ஆர்வலர் ரொட்டி வெட்டும் மரப்பலகையில் ஆணியடித்துச் சுற்றுகளை அமைத்தனராம். பெயர் அங்கிருந்து வந்தது. எங்கள் மாணவர் இதனைத் ‘துளைப்பலகை’ என்கின்றனர். அதுவே எமக்குப் பிடித்திருக்கிறது.

அமைப்பு எமது கண்டுபிடிப்பன்று. அல்பேட் போல் மல்வினோ என்ற பாடநூலாசிரியர், எவ்வளவு எளிமையாக இயலுமோ அவ்வளவு எளிமையான கணினி என்று ஒன்றை மாணவருக்காக வகுத்துத் தந்தார். அண்மைக் காலத்தில் பென் ஈட்டர் என்ற அமெரிக்கர் அதனைத் துளைப்பலகைகளிற் கட்டிக்காட்டி உலகெங்கும் பரப்பினார். எட்டு விளக்கு அகலம். நினைவகத்திற் பதினாறே இடங்கள். அதற்குத் தெரிந்த கட்டளைகள் ஐந்தே ஐந்து. இதை வைத்துக்கொண்டு கடிதம் அச்சிட முடியாது. படம் பார்க்க முடியாது. கூட்டலாம், கழிக்கலாம், விடையைக் காட்டலாம். அவ்வளவுதான்.

‘இதற்கு இத்தனை பாடா?’ என்று கேட்பவர், பாடத்திட்டத்தை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலே தர்க்கப் படலைகள் இருக்கின்றன. அரைக்கூட்டி, முழுக்கூட்டி, எழு-விழு எல்லாம் இருக்கின்றன. படங்களாக இருக்கின்றன. பிள்ளைகள் அப்படங்களை மனனஞ் செய்து வரைகிறார்கள், புள்ளி வாங்குகிறார்கள், மறக்கிறார்கள். கணினிக் கூடத்துக்குள் போனாலோ ஆவணம் தட்டெழுதவும் அட்டவணை நிரப்பவும் பழகுகிறார்கள். பரீட்சைத் தாளிலுள்ள படலைக்கும் மேசை மேலுள்ள பெட்டிக்கும் என்ன உறவு என்பதை அவர்களுக்கு எவரும் காட்டுவதில்லை. காட்டவேண்டிய நமக்கும் தெரிந்திருக்கவில்லை. தமிழ் சிறப்புப் பாடமாகப் படித்துவிட்டு வந்த எமக்குத் தெரியாதிருந்தது பெரிதன்று. அதே பாடத்தைப் பத்தாண்டாகக் கற்பித்து வந்த எமது நண்பருக்கும் தெரியாதிருந்ததுதான் எம்மை உறுத்தியது. அவரே இதை முதலில் ஒப்புக்கொண்டார். வேலை அங்கேதான் தொடங்கியது.

தர்க்கப் படலை என்பது பயங்கரமான சங்கதியன்று. ஊவா மலைநாட்டில் அதைக் கண்ணாற் கண்டவர் ஏராளம். 1924இல் பதுளையை வந்தடைந்த இருப்புப்பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிர் வண்டிகள் மோதாதிருக்க, மலைநாட்டுப் பாதையில் ‘டெப்லட்’ முறை வழங்கி வந்திருக்கிறது. தெமோதரையிலிருந்து அடுத்த நிலையத்துக்கு வண்டி போக வேண்டுமானால் ஓட்டுநர் கையில் அந்த வட்டத் தகடு இருக்க வேண்டும். இந்த நிலையத்தவர் கேட்டு, அந்த நிலையத்தவரும் இசைந்தாலன்றிக் கருவி தகட்டை விடாது. இருவரும் இசைந்தால் மட்டும் திறக்கும் கதவு: இதுவே ‘உம்’ படலை. ஒரு தகடு வெளியே போய்விட்டால், அது திரும்பக் கருவிக்குள் இடப்படும்வரை, இரு நிலையத்துக் கருவிகளும் மற்றொன்றை விடமாட்டா. நடந்ததை ஒரு கருவி நினைவில் வைத்திருக்கிறது என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்? இதுவே எழு-விழுவின் வேலை. இதைச் சொன்னதும், நிலையத்தில் வேலை பார்த்த பாட்டனாரைக் கொண்ட மாணவனொருவன் எம்மிலும் தெளிவாக வகுப்புக்கு விளக்கினான். மேலைநாட்டு நூலிலுள்ள உதாரணத்தைத் தேடி அலைந்த எமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

தெமோதரை என்றதும் அந்தச் சுற்றுப்பாதைக் கதையும் நினைவுக்கு வருகிறது. தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டிய ஒரு கங்காணியைப் பார்த்துத்தான், பாதையைச் சுற்றிக் கொண்டுவந்து நிலையத்தின் கீழேயே புகவிடும் எண்ணம் பொறியியலாளருக்குத் தோன்றியதென்று ஊரிலே சொல்வார்கள். மெய்யோ பொய்யோ, அறியோம். கதையிலும் பொறியியலாளருக்குப் பெயருண்டு; கங்காணிக்குப் பெயரில்லை என்பதை மட்டும் கவனித்திருக்கிறோம்.

எழுபத்து நான்கு வரிசைச் சில்லுகள் எனப்படுபவை 1960களில் எழுந்தவை. இன்றும் மலிவாகக் கிடைப்பவை. அவற்றுள் முதலாவதான 7400இல் பதினான்கு கால்களும் நான்கு படலைகளும் உண்டு. அந்த ஒரேவகைப் படலையைக் கொண்டே வேறெந்தப் படலையையும் ஆக்கிவிடலாம். ஒன்பது படலை சேர்ந்தால் ஒரு முழுக்கூட்டி. அதைக் கட்ட எமக்கு மூன்று சனிக்கிழமை சென்றது. மூன்றாவது சனிக்கிழமை பிற்பகல், ஒன்றும் ஒன்றும் கூடி ‘ஒன்று-பூச்சியம்’ என்று விளக்கு எரிந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆசிரியர் ஓடிவந்தார்.

அதன் பின்னர் எட்டு விளக்குக்கும் அப்படியே கட்டினோமில்லை. நான்கு கூட்டிகளை உள்ளடக்கிய சில்லுகள் இரண்டை வைத்துக்கொண்டோம். உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்த பிறகு அடைத்து விற்பதை வாங்குவதில் இழுக்கில்லை. நினைவகச் சில்லுதான் இலேசில் அகப்படவில்லை. நூலிற் சொல்லிய பழைய வகை அருகிவிட்டது. ஈற்றில் 32,768 இடங்கள் கொண்ட வேறொரு சில்லை எடுத்து, அதிலே பதினாறு இடங்களை மட்டும் பயன்படுத்தினோம். இத்தனை பெரிய நிலத்தில் இவ்வளவு சிறிய துண்டா என்று ஒரு மாணவி கேட்டாள். ஏழு பேர்ச்சசா, பத்துப் பேர்ச்சசா என்று இன்னும் பேரம் பேசப்படும் சமூகத்தின் பிள்ளை கேட்ட கேள்வி. வகுப்பிலே யாரும் அதை விளக்கவேண்டியிருக்கவில்லை.

துளைப்பலகையைப் புகழ்ந்து பாடுவது எமது நோக்கமன்று. அதைப்போல மனிதனைச் சோதிக்கும் பொருள் வேறில்லை. சென்ற வாரம் ஓடியது இவ்வாரம் ஓடாது. பதுளைக் குளிரும் ஈரமும் சேர்ந்து கவ்வி தளரும். மேசையைத் துடைத்தவர் ஒரு கம்பியைத் தட்டிவிட்டிருப்பார். நூற்றுக்கணக்கான கம்பிகளில் எதுவென்று எப்படிக் காண்பது? ஒருமுறை மின்கலத்தை மாற்றி இணைத்து நான்கு சில்லுகளைச் சுட்டுவிட்டோம். அந்த வாசனை இரண்டு நாள் அறையிலிருந்தது. மற்றொரு முறை, கூட்டல் சிலவேளை சரியாகவும் சிலவேளை பிழையாகவும் வந்தது. ஒரு சில்லின் ஒரு காலை எங்கும் இணைக்காமல் விட்டிருந்தோம். இணைக்காத கால் பூச்சியமாகத்தானே இருக்கும் என்று நாம் எண்ணியிருந்தோம். அப்படியன்று. அது பூச்சியமுமன்று, ஒன்றுமன்று. பக்கத்திலே கை போனாலும் மாறும். ‘மிதக்கும் முனை’ என்பார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இந்த மலைகளில் இலட்சக்கணக்கானோர் எப்படி வைக்கப்பட்டிருந்தனர் என்பதை அறிய வரலாற்றுப் பாடத்துக்கு இதைவிட நல்ல படம் எமக்குக் கிடைத்ததில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்த முனை முழுதாக இணைக்கப்படவில்லை.

இனிக் கட்டளைகளுக்கு வருவோம். மல்வினோவின் கணினிக்கு ஐந்து கட்டளைகள் என்றோமல்லவா? ஆங்கிலத்தில் மும்மூன்று எழுத்துகளிற் குறித்திருக்கிறார். பொறிக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை நான்கு விளக்குக் குறிகள் மட்டுமே. ஆகவே எங்கள் மாணவர் அவற்றுக்குத் தாமே பெயரிட்டனர்: ஏற்று, கூட்டு, கழி, காட்டு, நில். பூச்சியம் நான்கானால் ‘ஏற்று’. ஒன்று நான்கானால் ‘நில்’. பெயரிட்டு முடிக்க ஐந்து நிமிடமும் ஆகவில்லை. ‘தமிழில் இதெல்லாம் முடியுமா?’ என்று கைபிசையும் அறிஞருக்கு ஒன்று சொல்வோம். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இந்நாட்டிலே இலத்திரனுக்கும் தடையிக்கும் கொள்ளளவிக்கும் தமிழிற் சொல் படைத்துப் பாடநூல் எழுதிய தலைமுறையும் ஒன்றிருந்தது. அவர்கள் சொல்லைப் படைத்தார்கள். நாம் பொருளைக் கையிலெடுக்காமல் சொல்லை மட்டும் மனனஞ் செய்தோம். குறை மொழியில் இல்லை. கையில் எடுக்காத எம்மிடம் இருக்கிறது.

முதற் கணக்காக எதைக் கொடுப்பதென்று யோசித்தபோது, தாய் கொழுந்து பறிக்கும் மாணவி ஒருத்தி தானே ஒன்றைச் சொன்னாள். காலை நிறை எட்டுக் கிலோ. பகல் நிறை ஒன்பது. மாலை நிறை ஐந்து. சாக்குக்கும் ஈரத்துக்குமாகக் கழிவு மூன்று. ஏற்று, கூட்டு, கூட்டு, கழி, காட்டு, நில். ஆறு வரிகள், தரவுக்கு நான்கு இடங்கள், பதினாறில் பத்துச் செலவு. துடிப்புச் சுற்றைச் செக்கனுக்கு ஒன்றாக வைத்திருந்தோம். இன்றைய கணினி ஒரு செக்கனிற் கோடானுகோடி படிகளைக் கடந்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது. எங்கள் பொறி மாட்டுவண்டி போலச் செல்கிறது. அதனாலேயே ஒவ்வொரு படியையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். மூன்று நிறையும் கூடி விளக்குகள் 10110 என்று நின்றன: இருபத்திரண்டு. அடுத்த துடிப்பில் ‘கழி’ வந்தது. விளக்குகள் 10011 என்று மாறின: பத்தொன்பது.

அறை அமைதியாயிற்று. நாளொன்றுக்கு இருபது கிலோ என்று நியதி வைத்திருக்கும் தோட்டத்தில் இருபத்திரண்டு பறித்தவளுக்கு முழுப்பேர். பத்தொன்பது பறித்தவளுக்கு அரைப்பேர். ஒரு நாட் கூலியில் பாதி, அந்த ஒரு துடிப்பிற் போயிற்று. நாட்கூலி ஆயிரம் ரூபாவாக வேண்டுமென்று ஆண்டுக்கணக்கிற் போராடி 2021இல்தான் அதனைக் கண்ட மக்கள் இவர்கள். அரை நாட் கூலி என்பது இவர்களுக்கு என்னவென்று நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்த மாணவி கேட்டாள்: “சேர், கழிக்கச் சொல்லி நாம எழுதாட்டி இது தானா கழிக்காதுதானே?”

கழிக்காது என்றோம்.

“அப்ப நிறுக்கிற இடத்துல இருக்கிற மெசின்ல யார் எழுதினது?”

பெரியவரே, உங்கள் கேள்விக்கு விடை இங்கேயிருக்கிறது. கணினியை இயக்க மட்டும் படித்த பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது. அப்பிள்ளைக்கு இலத்திரன் தராசு காட்டும் எண், மழை போல, வெயில் போல, தானாக வருவது. “மெசின் பொய் சொல்லாது” என்று நிறுக்கும் இடத்தில் சொல்லப்படுகிறது. மெய்தான், பொறி பொய் சொல்லாது. அது எதையும் தானாகச் சொல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முற்காலத் தராசிலே கணக்கப்பிள்ளையின் விரல் தட்டில் படுவதைக் கண்ணாற் கண்டு, தாய்மார் வாய்விட்டுச் சண்டையிட்டார்கள். இன்று விரல் பெட்டிக்குள் போய்விட்டது. 1995இன் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின்படி தராசுகள் சோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். நல்ல சட்டம். அம்முத்திரை தராசின் நேர்மைக்குச் சான்று. தராசு காட்டிய நிறையிலிருந்து எத்தனை கிலோ, எந்த விதிப்படி, யார் சொல்லிக் கழிக்கப்படுகிறது என்பதற்கு அது சான்றாகாது. அந்த வரியை எழுதியவர் ஒரு மனிதர். அதை மாற்றி எழுதவும் மனிதரால் இயலும். தொழிற்சங்கங்கள் கூலித் தொகையைப் பேசும் மேசையில் இந்த வரியையும் வைத்துப் பேசட்டும் என்பது எமது கோரிக்கை.

இனி வேறு சில ஆட்சேபனைகள்.

செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் அரை நூற்றாண்டுப் பழைய பொறி எதற்கென்று எமது கொழும்பு நண்பர்கள் கேட்கிறார்கள். இன்றைய மாபெரும் பொறிகளுக்குள்ளும் நடப்பது கூட்டலும் பெருக்கலுமே. அங்கே கட்டளையை வரிவரியாக எழுதுவதில்லை, தரவுகளிலிருந்து எண்களைத் தேற்றியெடுக்கிறார்கள் என்பதை அறிவோம். ஆயினும் எந்தத் தரவைச் சேர்ப்பது, எதனைத் தவறென்று எண்ணுவது, எவருக்காக எண்ணுவது என்று முடிவுசெய்வோர் மனிதர்களே. எட்டு விளக்கில் இதைக் கண்டுகொண்ட பிள்ளையை, விளக்கே இல்லாத பெட்டி ஏமாற்றுவது கடினம். மேலும் ‘பழையது’ என்று சிரிப்பவர், புதியது எங்கள் மலைக்கு எப்படி வருகிறதென்பதையும் நினைக்கட்டும். 2021இல், தொற்றுக் காலத்தில், லுணுகலைப் பக்கத்துப் போஹிட்டியாவக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகள் இணைய அலை தேடிக் காட்டு வழியே பாறையேறியதை உலகப் பத்திரிகைகள் படம்பிடித்தன. தோட்டத்துப் பிள்ளைகளின் கதையும் அதுவே. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தபோது பாடசாலைக் கணினிக் கூடங்கள் பூட்டிக் கிடந்தன. ஐந்து வோல்ற்றில் ஓடும் துளைப்பலகைக்கு ரோர்ச்சு மின்கலங்கள் போதும். (இங்கே ‘போதும்’ என்பதை நாமே சொல்லிக்கொள்கிறோம்.)

வாங்கக் கிடைப்பதைக் கட்டுவானேன் என்பது மற்றொரு வாதம். பம்பாயிலுள்ள தாதா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் படித்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஓர் இளைஞர் குழு 1950களின் நடுவிலே கணினியொன்றைத் தாமே கட்டத் தொடங்கியது. அவரைத் தவிர மற்றையோர் கணினியைப் பயன்படுத்திப் பழகியவரல்லர். 1956இல் முன்மாதிரி ஓடியது. 1960இல் முழுப் பொறி ஓடியது. 2,700 வெற்றிடக் குழாய்கள். நாற்பது விளக்கு அகலத்தில் 2,048 சொற்கள் கொண்ட நினைவகம். 1962இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். 1964இல் அமெரிக்கப் பெரும்பொறி ஒன்று வாங்கப்பட்டது, டிஃப்ராக் ஓய்ந்தது. வீணுழைப்பென்று சொல்பவர் உண்டு. 1978இல் ஐபிஎம் நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அது விட்டுச்சென்ற பொறிகளை இந்தியர் தாமே பராமரித்து ஓட்டினர். அந்தத் துணிவு கடையில் வாங்கியதன்று. வாங்கலாமே என்பவருக்கு ஒரு செய்தியும் உண்டு: 1976 முதல் உலகெங்கும் மாணவர் கையிலிருந்த சிலொக் நிறுவனத்தின் இஸட்-80 சில்லுக்கு 2024 ஏப்பிரிலில் முடிவு அறிவிக்கப்பட்டது. விற்பவர் நிறுத்தினால் நின்றுவிடும் கல்வியைக் கல்வியென்று எப்படிச் சொல்வது?

இந்தக் கலையை வீட்டில் வளர்த்த அமெரிக்க ஆர்வலரையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு போற்றவில்லை. 1975 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஒரு வாகனக் கொட்டகையிற் கூடிய சங்கத்தார் தமது சுற்றுப்படங்களை ஒருவருக்கொருவர் இலவசமாகவே கொடுத்துக்கொண்டனர். ஓராண்டுக்குள் அந்தக் கொட்டகை நட்பிலிருந்து கம்பனிகள் முளைத்தன. பகிர்ந்த படங்கள் தனியுடைமையாயின. எமது படங்கள் யாவும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றன. எந்தப் பாடசாலையும் வந்து பிரதி செய்துகொள்ளலாம்.

எமது முற்போக்கு நண்பர்களின் ஆட்சேபனைதான் எமக்கு மிக நெருக்கமானது. “லயம் ஒழுகுகிறது, காணி இல்லை, நீங்கள் விளக்கு வைத்து விளையாடுகிறீர்கள்” என்கிறார்கள். இதற்கு எம்மிடம் முழு விடை இல்லை. பதினொருவரில் கைத்திறனில் முதல்வனாக இருந்தவன், நினைவகப் பலகையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே படிப்பை விட்டுக் கொழும்பிலே கடையொன்றிற் சேர்ந்துவிட்டான். தீபாவளிக்கு ஊர் வந்தவன் பாடசாலைக்கும் வந்தான். முடிந்த பொறியை ஓட்டிக்காட்டினோம். ஒரு கம்பியைத் தொட்டு, “இது நான் போட்டதுதானே சேர்” என்றான். அவனை மீட்கும் வல்லமை துளைப்பலகைக்கு இல்லை. அதற்குக் கூலியும் காணியும் வேண்டும். அவற்றுக்கான போராட்டத்தில் நாமும் நிற்கிறோம். ஆனால் அவன் தொட்ட கம்பியை ‘விளையாட்டு’ என்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

நண்பர்களுக்கு மேலுமொன்று சொல்வோம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்ரோபர் 29 அன்று மலை இறங்கி லயங்களை மூடியது. இடம் ஆபத்தானதென்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மக்கள் அங்கேயே விடப்பட்டிருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் கொணர்ந்த மழையிலும் பதுளை மாவட்டத்துச் சரிவுகள் இறங்கின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது: இருபத்து நான்கு மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழித்திரு, 100 கடந்தால் ஆயத்தமாகு, 150 கடந்தால், அன்றி ஒரே மணியில் 75 கடந்தால், வெளியேறு. இதை ஒவ்வொரு லயத்திலும் எண்ணிக்கொண்டிருப்பவர் யார்? நடு இரவிலே தொலைபேசி அலையும் மின்சாரமும் போன பிறகு எண்ணுபவர் யார்?

மழைமானி ஒன்றுண்டு. சிறு கரண்டி போன்ற இரு கிண்ணங்கள் ஊஞ்சலாக அமைந்திருக்கும். 0.2 மில்லிமீற்றர் மழை சேர்ந்ததும் ஒரு பக்கம் சாயும். சாயுந்தோறும் ஒரு துடிப்பு. துடிப்பை எண்ணத் துளைப்பலகைக்குத் தெரியும். 75 மில்லிமீற்றருக்கு 375 துடிப்பு, விளக்கிலே 101110111. 150 மில்லிமீற்றருக்கு அதே விளக்குகள் ஓரிடம் இடப்புறம் தள்ளி, வலக்கோடியில் ஒரு பூச்சியம். இரட்டித்தல் என்பது ஓரிடம் நகர்தல் என்று பிள்ளைகள் இப்போது வாய்ப்பாடு போலச் சொல்கிறார்கள். அந்த எண் வந்ததும் மணி அடிக்க வேண்டும். அரசாங்கத்தின் மானிகளுக்கு மாற்றாக இதை நாம் முன்வைக்கவில்லை. ஒரு லயத்துக்கு ஒன்று என்று அரசாங்கம் தரும்வரை காத்திருக்கவும் மனமில்லை.

எட்டு விளக்குகளில் 255 வரைதான் எண்ணலாம். 375க்கு ஒன்பதாவது விளக்கும் 750க்குப் பத்தாவது விளக்கும் வேண்டும். அவற்றுக்குப் புதிய பலகையில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். கிண்ணத்தைத் தகரத்தில் வெட்டி அடிக்கும் பொறுப்பைத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தகப்பனார் ஏற்றிருக்கிறார். கணினிக் கூடத்தின் திறப்பு சனிக்கிழமைகளில் எமக்குக் கிடைப்பதில்லை. ஆகையால் பழைய விறாந்தையிலேயே வேலை நடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் முடித்தாக வேண்டும்.